கோல்டு கார்டு

"வாங்க மாயவன் சார், ஞாயித்துக்கிழமைன்னா உங்க ரூமு ரெடியா இருக்குது. கோல்டு கார்டு வச்சிருக்கீங்க, கூட தங்குறவருக்கும் காலை டிபன் ஃப்ரீ," என்றார் விருத்தாசலத்து லாட்ஜ் மேனேஜர்.

பீங்கான் ஜாடி வாங்க வந்து, அறை கிடைக்காமல் நின்ற பழைய நண்பர் கலியமூர்த்தி அசந்துபோனார். "வாராவாரம் வரியா? பெரிய வியாபாரம்தான்! இப்ப எந்த ஊருல இருக்கற?"

"அலுப்பா இருக்குது. படுடா," என்று அவரையும் தன் அறைக்கே கூட்டிப்போனார் மாயவன்.

காலையில் ஓசிப் பொங்கல் சாப்பிடும்போது மாயவனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மனைவி பாஞ்சாலையின் குரல்.

"பையன் மெட்ராஸ் பஸ்ஸு ஏறிட்டான், மருமக மட்டும்தான் இருக்குது. நானும் பக்கத்து வூட்டுலருந்து வந்துட்டேன். நீங்களும் வூட்டுக்கு வாங்க."

கலியமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். "வூடு எங்கடா?"

"பின்னாடி தெருதான். ஒத்த ரூமு. பையனுக்கு தை மாசம்தான் கல்யாணம் ஆச்சு."