வேலிக்கு வெளியே ஒரு புள்ளி

ஜப்பானிய எழுத்தில் 'நாடு' என்று எழுத, முதலில் மூன்று பக்கம் வேலி போட வேண்டும். உள்ளே இருக்க வேண்டிய கோடுகளும் ஒரு புள்ளியும் வந்து சேர்ந்த பிறகுதான் கீழ்க்கோடு அதை மூடும். அதுதான் முறை.

அன்று ஒரு பயிற்சி நோட்டில் கீழ்க்கோடு அவசரப்பட்டு முன்னாலேயே படுத்துக்கொண்டது. புள்ளி வெளியே நின்றுவிட்டது.

"அண்ணே, நான் இன்னும் வரலையே. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

"மூடியாச்சு தம்பி. இத்துனூண்டு இருக்கே. நீ இல்லேன்னா யாருக்குத் தெரியப்போகுது?" என்றது கீழ்க்கோடு.

புள்ளி நோட்டின் ஓரமாக ஒதுங்கி நின்றது.

திருத்த வந்த சிவப்புப் பேனா, எழுத்தின் மேல் வெகுநேரம் நின்றது.

"வேலியெல்லாம் நேராத்தான் இருக்கு," என்றது கடைசியில். "நாட்டைத்தான் காணோம்."