கைக்குத் தெரிந்த கியர்

டோக்கியோ காப்புரிமை அலுவலகத்தின் சந்திப்பு அறை. மேஜைமேல் இருக்கும் படகு எஞ்சின் ரிமோட் கருவியின் நெம்புகோலில் ஜன்னல் வெயில் பட்டுத் தெறிக்கிறது. அதைக் கண்டுபிடித்த நிஷிவாகி மேஜையருகே உட்கார்ந்திருக்கிறாள். இன்று அவளுடைய காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் இதைச் செய்து விற்கலாம். "கியர் விழுந்தா விளக்கு எரியுது. சரி. பழைய கருவியிலயும் அதுதானே எரியுது, நிஷிவாகி சான்?" என்கிறார் பரிசோதகர் குவபாரா, பார்லி டீயை உறிஞ்சியபடி. அவள் தன் பையிலிருந்து மீனவர்கள் போடும் தடித்த ரப்பர் கையுறையை எடுத்து நீட்டுகிறாள். "மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடுங்க, குவபாரா சான். இப்ப கடல்ல மூடுபனி. விளக்கு தெரியாது." "ஆபீஸுக்குள்ளயே கடலா!" கையுறையை மாட்டிக் கண்ணை மூடி, சிரித்துக்கொண்டே நெம்புகோலைத் தள்ளுகிறார். கியர் விழும் இடத்தில் பிடி அவர் கைக்குள் மீன்போல் ஒரு துள்ளு துள்ளுகிறது. சிரிப்பு நிற்கிறது. "எதுக்குக் காப்புரிமை வேணும்னு கேக்குற உரிமைக் கோரிக்கையில இதை ஏன் எழுதலை?" "விண்ணப்பத்தோட படத்துலயும் விளக்கத்துலயும் இருக்கு. விளக்கைச் சொன்னாத்தான் பெரிய கண்டுபிடிப்பாத் தெரியும்னு நினைச்சுட்டேன்." "நல்ல ஆளுங்கம்மா நீங்க! மீனைக் கரையில வெச்சுட்டு வலையைக் காட்டுறீங்க. இதை முதல் கோரிக்கையாத் திருத்தி அனுப்புங்க. பழைய கருவி எதுலயும் இது இல்லை." நிஷிவாகி கையுறைக்காகக் கை நீட்டுகிறாள். குவபாரா கண்ணைத் திறக்காமலே இன்னொரு தரம் நெம்புகோலைத் தள்ளுகிறார்.