கோட்டைராணி கேட்ட யோசனை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தன் செல்போன் கடையில் உட்கார்ந்து, ஆன்லைனில் சூப்பர் ஹீரோவாக வில்லன்களைப் பந்தாடிக்கொண்டிருந்தான் தங்கராஜ். ‘கோட்டைராணி’ என்ற புது ஆட்டக்காரி மெசேஜ் அனுப்பினாள்.

“அண்ணா, முதல் லெவல்லயே சிறையில மாட்டிக்கிட்டேன். லெவல் ஏற வழி சொல்லுங்க.”

தங்கராஜுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“பறக்குற சக்தியெல்லாம் அப்புறம். ஹீரோ வந்து காப்பாத்துவான்னு காத்துக்கெடக்காத. புதுசா வர்றவங்க பண்ற தப்பே அதான்.”

“பூட்டு பெருசா இருக்குதே?”

“பூட்டை ஏன் பாக்குற? கதவுக் கீலைக் கழட்டு.”

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

“கழட்டிட்டேண்ணா. காவக்காரன் வந்துட்டா?”

“அவன் வேற சண்டையில மும்முரமா இருக்கறப்ப ஓடிடணும்.”

“இப்ப அப்படித்தான் இருக்கான்.”

“அப்புறம் இன்னா யோசனை? ஓடு!”

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன தங்கராஜ், வாசலிலேயே நின்றுவிட்டான். காலையில் அவன் போட்ட பூட்டு பத்திரமாக இருந்தது. கதவு மட்டும் கீல் கழன்று அந்தப் பூட்டில் தொங்கியது.

“அனு!”

உள்ளே மனைவி இல்லை. சிம்மைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டு வைஃபையில் பொழுதுபோக விளையாடட்டும் என்று அவளுக்கு விட்டுவைத்த பழைய போன் தரையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தான்.

திரையில் அவனே அனுப்பிய கடைசி வரி: ‘ஓடு!’