துண்டு போட்ட நாற்காலி

ஒரு வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கெல்லாம் ஒரு தலைவர் இருந்தாராம். வருஷா வருஷம் அந்தப் பதவி கூடத்துத் துண்டுக்குத்தான். இந்த முறை மட்டும் அது அடுப்படிக்கு ஒதுக்கப்பட்டது.

மறுநாளே துண்டு அடுப்படிக்கு வந்து நின்றது. "சல்லடையக்கா, தேர்தல்ல நீங்க நில்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

சல்லடைக்குச் சந்தேகம் தட்டியது. கை துடைக்கக்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத துண்டு, இன்றைக்கு அக்கா என்கிறதே? அதென்ன அந்த 'மத்தது'? எதையும் சலித்துப் பார்த்தே பழகியவள் அவள். ஆனாலும் நின்றாள். அடுப்படி ஜன்னல் அடைத்தே கிடந்ததால், பானைகளெல்லாம் புகையில் இருமிக்கொண்டிருந்தன.

"உடம்பெல்லாம் ஓட்டை, இவளுக்கு ஓட்டா?" என்றது குடை. கூடமே சிரித்தது. துண்டும் சேர்ந்து சிரித்ததை அவள் கவனித்துக்கொண்டாள்.

எப்படியோ ஜெயித்துவிட்டாள். முதல் கூட்டத்துக்குப் போனால், தலைவர் நாற்காலியில் துண்டு விரிந்து கிடந்தது.

"உங்களுக்காகத்தான் இடம் பிடிச்சு வச்சிருக்கேன், அக்கா."

"அதான் வந்துட்டேனே தம்பி, எந்திரிங்க."

"அடுப்படியில உங்களுக்கு ஆயிரம் வேலை கிடக்கும். நீங்க போங்க. உங்க பேர்ல நானே பேசிடறேன்."

அந்த 'மத்தது' இதுதான் என்று சல்லடைக்கு விளங்கிவிட்டது. அவள் துண்டின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, மூச்சு முட்டுது!"

"என்கிட்ட ஓட்டைக்கா பஞ்சம்? அது வழியா விடுங்க தம்பி" என்றவள், கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "முதல்ல, அந்த ஜன்னல்."