ஆப்புக்குழியில் குடியிருந்தவர்கள்

முன்பு ஜப்பானில் ஒரு மலைச் சரிவில் புத்தர் சிலைக்காகக் கல் உடைத்தார்கள். ஒரு பாறையைப் பிளக்க, ஆப்பு இறக்கும் குழிகளை வரிசையாக வெட்டி முடித்த நேரத்தில் போர் வந்தது. கல்தச்சர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

குழிகளில் மழைநீர் தேங்கியது. ஒரு தவளை குடிவந்தது.

"உடம்பெல்லாம் ஓட்டை போட்டுட்டுப் பாதியில போயிட்டாங்க. நான் புத்தராகியிருக்க வேண்டியவன்," என்று பாறை தினமும் புலம்பும்.

"ஆகலாம், ஆகலாம்," என்று சொல்லிவிட்டுத் தவளை பூச்சி பிடிக்கப் போய்விடும்.

மூன்றாம் வருடம் தவளை முட்டையிட்டது. குழி நிறையத் தலைப்பிரட்டைகள். பாறை புலம்பலை விட்டுவிட்டு, "கால் முளைச்சுதா?" என்று காலையில் எழுந்ததும் விசாரிக்க ஆரம்பித்தது.

அந்த வாரமே, போர் முடிந்து, கல்தச்சர்களில் ஒருவரான ஹிகோரோ ஆப்புகளோடு திரும்பி வந்து சேர்ந்தார். அவர் குனிந்து குழிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"புத்தருக்குக் கல் எடுக்க வந்து இதுகளைக் கொல்றதா? அடுத்த பாறையைப் பார்ப்போம்," என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தவளைக்கு மனசு கேட்கவில்லை. "எங்களால உன் யோகம் போச்சே."

"மெதுவாப் பேசு," என்றது பாறை. "மனுஷன் மனசு மாறித் திரும்பி வந்துடப் போறார்."