ஊர்வலத்து மாடுகள்

"நாலாயிரமா! ஏம்ப்பா சோணைமுத்து, பெட்ரோல் வெலைய எதுத்துத்தான மாட்டு வண்டியில போறோம்? ஒம் மாடு என்ன பெட்ரோலா குடிக்குது?"

நுகர்வோர் சங்கச் செயலாளர் உதயகுமாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அருப்புக்கோட்டை பஜாரில் கிளம்பி பஸ் ஸ்டாண்டில் முடிகிற ஊர்வலம். நடந்தால் கால் மணி நேரம். அதற்கு இந்த வாடகையா?

"மாடு குடிக்கலண்ணே. மாட்டை ஏத்திட்டு வார குட்டியானை வேனு குடிக்குதே!"

சோணைமுத்து, டவுனை விட்டு வெகு தூரம் தள்ளியிருக்கிற எம்.ரெட்டியபட்டிக்காரர். டவுனில் மாட்டு வண்டியை இப்போது போட்டோவில்தான் பார்க்க முடியும் என்பதால், செயலாளர் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஏன், வண்டியப் பூட்டி ஓட்டிட்டே வந்தா என்னவாம்?"

"இம்புட்டுத் தூரம் தார் ரோட்டுல வந்தா லாடம் தேஞ்சு மாடு படுத்துரும்ணே. அப்புறம் வண்டிய நீங்கதான் இழுக்கணும். அதான், மாடு ஒரு நடை, வண்டி ஒரு நடைன்னு ஏத்துறது. கேட்டதுல பாதி டீசலுக்கே போயிரும்."

"மிச்சம் பாதி?"

"தீவனம். நம்ம கரிசக்காட்டுல வைக்கோலு ஏது? தஞ்சாவூர்ப் பக்கமிருந்து லாரியில வருது. டீசல் ஏறிருச்சுன்னு லாரிக்காரன் கட்டுக்கு முப்பது ரூவா கூட்டிட்டான். பாக்கப்போனா என் மாடும் டீசலத்தான் திங்குது."

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கெழம மாட்டு யாவாரி வாரேன்னுருக்கான்ணே. தீவனத்துக்கு வழியில்லன்னா ரெண்டையும் ஏத்தி விட்டுர வேண்டியதுதான். கன்னுக்குட்டியில இருந்து வளத்ததுக."

உதயகுமாருக்கு மனசு இளகியது, பர்ஸ் இளகவில்லை. கடைசியில் மூவாயிரத்து ஐந்நூறுக்குப் படிந்தது. 'மக்களுக்காகப் போராடுறோம், அதுலயும் கொள்ளையடிக்கிறானே!' என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார்.

கொடுக்காமல் எப்படி? இன்னும் நாலு மாதத்தில் வார்டு தேர்தல். உதயகுமார் நிற்கப் போகிறார். மாட்டு வண்டியில் நின்று அவர் கை உயர்த்துகிற படம் பேப்பரில் வந்தே ஆக வேண்டும்.

மறுநாள் ஊர்வலம் ஜோராகக் கிளம்பியது. முன்னால் மாட்டு வண்டி. அதில் மாலை போட்ட காலி பெட்ரோல் கேன். பின்னால் நாற்பது பேர், நாற்பது பைக்குகளில். மாடு நடக்கிற வேகத்துக்கு எல்லாரும் ஃபர்ஸ்ட் கியரில் உறுமிக்கொண்டே ஊர்ந்தார்கள். செலவான பெட்ரோலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வந்ததும் உதயகுமார் மைக்கைப் பிடித்தார்.

"நூறு ரூவாய்க்குப் பெட்ரோல் போட்டா, பாதிக்குப் பக்கம் வரி! டெல்லியில இருக்குறவுக ஒரு வரி, அதுக்கு மேல சென்னையில இருக்குறவுக ஒரு வரி! கச்சா எண்ணெ ஏறுனா வெல ஏறுது. கச்சா எண்ணெ எறங்குனா வரி ஏறுது! நம்ம வண்டியில எறங்குறது டேங்க் முள்ளு மட்டுந்தான்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்து, பின்னால் பைக்கில் இருந்த சங்கத்துப் பையன் சௌந்தர் செல்போனைத் தூக்கிக் காட்டிக் கத்தினான்.

"அண்ணே! வரியக் கொறச்சுட்டாங்க! லிட்டருக்கு ஏழு ரூவா! நாளைக் காலையில இருந்து!"

ஒரே விசில். "சங்கத்துக்கு வெற்றி!" என்றார் ஒருவர். "இந்த ஊர்வலத்துக்குன்னு காலையிலதான்டா டேங்க் ஃபுல் பண்ணேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் இன்னொருவர்.

"இனிமே இது நியூஸ் இல்லண்ணே," என்று பேப்பர்காரர் கேமராவைப் பைக்குள் வைத்தார். பத்தே நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. நின்றது ஒரு வண்டி, இரண்டு மாடு, இரண்டு மனிதர்கள்.

சோணைமுத்துவின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னப்பா, டீசலுந்தான் கொறையுதாம். வேன் வாடக, வைக்கோலு எல்லாம் கொறையும்ல? சந்தோசப்படாம மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"எப்பிடிண்ணே சந்தோசப்பட? ஏறுன வாடகையும் வைக்கோலும் என்னைக்கு எறங்கிருக்கு? உழவுக்கு டிராக்டரு, லோடுக்கு வேனுன்னு ஆயிருச்சு. பெட்ரோலு ஏறுறப்பத்தான் எங்க மாட்டையே ஆளுக தேடுறாக. இது ஏழாவது ஊர்வலம். அந்தக் கட்சி ஆண்டா இந்தக் கட்சி கூப்புடும். இந்தக் கட்சி ஆண்டா அந்தக் கட்சி கூப்புடும். ஆளுகதான் மாறுவாக, மாடு இதேதான்."

மாட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்.

"இந்த மாசம் தப்பிச்சிருச்சுக. அடுத்த மாசம்? அதான், பெட்ரோல் வெல ஏறிக்கிட்டே இருக்கணும்னு கருப்பசாமிக்கு நேந்துருக்கேன். கெடா வெட்டுறேன்னு. வெளிய சொல்லிராதீகண்ணே."

உதயகுமாருக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரே வயிறெரிந்து கிடக்கிறது, இவன் விலை ஏற வேண்டும் என்று நேர்ந்துகொள்கிறானா? இவனெல்லாம் ஒரு மனுசனா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தார்.

வெறிச்சோடிக் கிடந்த பஸ் ஸ்டாண்டு முக்கு கண்ணில் பட்டது. சங்கக் கூட்டம் என்றால் நாலு பேர் கூட வருவதில்லை. விலை ஏறினால்தான் நாற்பது பேர் வருகிறார்கள். தேர்தலுக்கோ இன்னும் நாலு மாதம்தான்.

திறந்த வாயை மூடினார். அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மாட்டை ஒட்டி வந்து மெதுவாகக் கேட்டார்:

"அந்தக் கருப்பசாமி எந்த ஊர்லப்பா இருக்கு?"