மிகச் சிறிய கப்பி

அது ஜூனா ஜூலையா என்று எனக்கு நிச்சயமில்லை. சொன்ன வார்த்தைகள்கூட இவைதானா என்று தெரியாது. டெக்சஸின் வெள்ளை வெயில் வெர்னாவின் வண்டி உதிரிபாகக் கடை மேசையில் விழுகிறது. அதில் மூன்று கப்பிகள் மின்னுகின்றன. சூப்பர்சார்ஜரில் மாட்டும் கப்பி சிறியதாக ஆக ஆக, அது வேகமாகச் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். கிளிண்ட் இருப்பதிலேயே சிறியதை எடுத்து, பெண் பார்க்கப் போகிறவனைப் போல அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறான். அதை மாட்டப்போவது வெளியே நிற்கும் பிக்கப் வண்டியில்; அதில் ஊராரின் குதிரைகளை ஏற்றிப் போய்த்தான் அவன் பிழைக்கிறான். அவனிடம் வேறு வண்டி இல்லை.

“நடுவுல இருக்கறத எடுப்பா,” என்கிறாள் வெர்னா. “இந்தச் சின்னதுக்கு பெட்ரோல், ட்யூனிங் எல்லாத்தையும் மாத்தணும். இல்லேன்னா பிஸ்டன் உருகிடும்.”

“அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு, அம்மணி. சனிக்கிழமை ரேஸ்ல அந்த டூபிப் பய என் பின்னாடி லைட்டத்தான் பாக்கப் போறான்.” என் பக்கம் திரும்புகிறான். “நீ இருவது வருஷமா இன்ஜின் பிரிக்கிறவன். சொல்லேன்யா.”

கேட்கிற குரலில் லேசாகப் பயம் இருக்கிறது. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் போதும். இந்த மூடனுக்கு அதுவும் அதிகம் என்று நினைக்கிறேன். தோளைக் குலுக்குகிறேன். மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. வெர்னா என்னையே பார்க்கிறாள்.

சனிக்கிழமை பாதித் தூரத்தில் அந்த இன்ஜின் செத்தது. கிளிண்ட் இப்போது வேறொருவரின் லாயத்தில் சாணம் அள்ளுகிறான். டூபி இன்னும் பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறான். வெர்னா என்னிடம் பேசுவதில்லை.